பட்டம் அங்கே, பதிவு எங்கே?

பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு நம் உறுப்பினர் வீடுகளில் ஒரு விசாரணை தொடங்கும். எந்தக் கல்லூரி, என்ன ஃபீஸ், ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, கல்லூரி பஸ் நம் தெரு வரை வருமா, படித்து முடித்தால் வேலை வாங்கித் தருவார்களா என்று துருவித் துருவிக் கேட்போம். "அங்கே வாங்குகிற பட்டத்தை வைத்துக்கொண்டு எங்கள் பெண் எந்தெந்த மாநிலத்தில் தொழில் செய்யலாம்?" என்று கேட்பவர் மட்டும் மிகக் குறைவு. நான்கு வருடம் கழித்து அந்தக் கேள்வி தானாக வந்து வாசலில் நிற்கும். அப்போது பதில் சொல்லக் கல்லூரியில் ஆள் இருக்காது.

பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்த நம்மைப் போன்றவர்களுக்கு இது வெறும் பொது அறிவு விஷயமில்லை. அப்பா பிறந்தது வேலூர்ப் பக்கம், பிள்ளை பள்ளியில் படித்தது செகந்திராபாத்தில், கல்லூரி திருப்பதியில், வேலை கிடைப்பது சென்னையிலோ பெங்களூரிலோ. நம் குடும்பங்களில் இது சாதாரணம். தகப்பனார் வங்கியிலோ ரயில்வேயிலோ இருந்தால் இந்த ஊர் சுற்றலில் தொல்லை இல்லை. பிள்ளை நர்ஸாகவோ வக்கீலாகவோ பார்மசிஸ்டாகவோ ஆகும்போதுதான் மாநில எல்லை என்பது தரையில் போட்ட கோடாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது.

எனக்கு அந்தக் கோட்டோடு பிறந்ததிலிருந்தே பழக்கம். என் சொந்த ஊர் நாராயணவனம். பெரியவர்கள் வாயில் நாராயணவரம். புத்தூர் ஸ்டேஷனில் இறங்கினால் சில கிலோமீட்டர் தூரம். பத்மாவதித் தாயாருக்கும் வேங்கடவனுக்கும் திருமணம் நடந்த ஊர் என்று புராணம் சொல்லும் கல்யாண வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. தெருவெல்லாம் தறிச் சத்தம். ஒரு பக்கம் நகரியைத் தாண்டினால் தமிழ்நாடு. இன்னொரு பக்கம் நாகலாபுரம், சுருட்டப்பள்ளி வழியாகப் போனால் ஊத்துக்கோட்டை, அதுவும் தமிழ்நாடு. 1911-க்கு முன் எங்கள் பக்கமெல்லாம் வட ஆர்க்காடு ஜில்லா. அந்த ஆண்டு சித்தூர் ஜில்லா பிரிந்தது. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அங்கே போயிற்று. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி திரும்பி வந்தது, பதிலுக்குச் சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் அங்கே போயின. 2022 ஏப்ரலில் நாராயணவனம் சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. ஊர் நகரவில்லை. கோடு மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், புத்தூர் ஸ்டேஷன் இன்றும் தென்னக ரயில்வேயின் சென்னைக் கோட்டத்தில்தான் இருக்கிறது. மண் ஆந்திரம், தண்டவாளம் சென்னை.

ரயில்வேயில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் அந்தப் பழக்கத்தில் ஒன்று சொல்கிறேன். லோகோ பைலட் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், புதிய செக்‌ஷனில் தனியாக வண்டியை எடுத்துவிட முடியாது. முதலில் 'எல்.ஆர்.' போக வேண்டும், அதாவது பாதையைப் படிக்க வேண்டும். சிக்னல் எங்கே, வளைவு எங்கே, ஏற்றம் எங்கே என்று பார்த்து, "எனக்கு இந்தப் பாதை தெரியும்" என்று கையெழுத்துப் போட வேண்டும். நீண்ட நாள் அந்தப் பக்கம் போகாவிட்டால் மறுபடி படிக்க வேண்டும். ஆகையால் ஒரு மாநிலக் கவுன்சில் வேறு மாநிலத்திலிருந்து வருகிற பட்டதாரியைச் சரிபார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. நோயாளியின் உயிரும் கட்சிக்காரரின் சொத்தும் சம்பந்தப்பட்ட தொழில்கள் இவை. ஆனால் ரயில்வேயில் எல்.ஆர். தேவை என்பது வண்டியில் ஏறும் முன்பே டிரைவருக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்கோ வண்டி பாதி வழி போன பிறகுதான் சொல்லப்படுகிறது.

எந்தத் தொழிலுக்கு என்ன நிலைமை என்று முதலில் பார்ப்போம். பொறியியலுக்கு இந்தியாவில் பொதுவான பதிவுச் சட்டம் இல்லை. பட்டமோ என்னைப் போல் டிப்ளமாவோ இருந்தால் எந்த மாநிலத்திலும் வேலைக்குப் போகலாம். மின்சாரப் பணிகளில் சூப்பர்வைசர் சான்றிதழும் ஒப்பந்ததாரர் உரிமமும் மாநில வாரியங்கள் தருபவை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். புத்தூர் – நாராயணவனம் சாலையில் பொறியியல் கல்லூரிகளைத் தேடி எல்லை தாண்டி வரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வகையில் கவலை இல்லை. நர்ஸ், வக்கீல், மருத்துவர், பார்மசிஸ்ட் ஆகியோருக்கு அப்படியில்லை. இவர்களுக்கெல்லாம் மத்திய அளவில் ஒரு சட்டமும் அமைப்பும் உண்டு. பெயரைப் பதிவேட்டில் எழுதுகிற கையோ மாநிலக் கவுன்சிலின் கை. பள்ளி ஆசிரியர்களுக்குக் கவுன்சில் இல்லை, ஆனால் ஆசிரியர் தகுதித் தேர்வை மாநிலம் தனித்தனியாக நடத்துகிறது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எலும்பு முறிவுக்குப் 'புத்தூர் கட்டு' தெரியாத தமிழர் உண்டா? தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் வந்த வைத்தியம். தென்னிந்தியா முழுவதிலிருந்தும் கையை ஏந்திக்கொண்டு வந்து இறங்குவார்கள். கட்டுப் போடுகிறவரிடம் "எந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு?" என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. அதே ஊர் வழியாகப் பஸ்ஸில் போய் நான்கு வருடம் நர்சிங் படிக்கிற பெண்ணுக்குத்தான் அத்தனை காகிதமும் வேண்டும். குறை சொல்லவில்லை, காலம் அப்படி.

இனி நர்ஸ் படிப்புக்கு வருகிறேன். நம் குடும்பங்களில் அதிகம் பேர் போகிற படிப்பு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அன்றைய சென்னை மாகாணத்தில் நர்ஸ்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் சட்டம் வந்தது 1926-இல். தமிழ்நாட்டுக் கவுன்சில் இன்றைக்கும் தன் பிறப்பை அந்தச் சட்டத்தில்தான் காட்டுகிறது. மாநிலம் பிரிந்தபின் ஆந்திரமும் அதே 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெயர் மாற்றி எடுத்துக்கொண்டது. அதாவது, ஒரே நோட்டுப் புத்தகத்தைக் கிழித்து இரண்டு பேர் வைத்துக்கொண்ட மாதிரி. 1947-ஆம் ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் உள்ள தகுதி இருந்தால் எந்த மாநிலப் பதிவேட்டிலும் சேர அது போதும் என்பது அந்தச் சட்டத்தின் ஏற்பாடு. 2023-இல் தேசிய நர்சிங் ஆணையத்துக்கான புதிய சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

சட்டத்தில் வாசல் திறந்துதான் இருக்கிறது. வாசற்படியில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஆந்திரத்தில் படித்த பெண் முதலில் ஆந்திரக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பிறகு சென்னையில் வேலை என்றால், ஆந்திரக் கவுன்சிலிலிருந்து தடையில்லாச் சான்றும் சரிபார்ப்புக் கடிதமும் தமிழ்நாட்டுக் கவுன்சிலுக்குப் போக வேண்டும். இது கவுன்சிலிலிருந்து கவுன்சிலுக்குப் போகிற காகிதம், நாம் கையில் எடுத்துக்கொண்டு ஓட முடியாது. அவள் படித்த ஆண்டில் அந்தக் கல்லூரிக்கு மத்தியக் கவுன்சிலின் ஏற்பு இருந்ததா, அனுமதித்த இடங்களுக்கு மேல் பிள்ளைகளைச் சேர்த்தார்களா, பயிற்சி மருத்துவமனை உண்டா என்பதெல்லாம் அப்போதுதான் மேசைக்கு வரும். கல்லூரிக்கு நூறு படுக்கைக்குக் குறையாத சொந்த மருத்துவமனை வேண்டும் என்பது விதி. நோட்டீசில் போட்ட கட்டடப் படத்தில் அது தெரியாது.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். அப்பா தறி ஓட்டுகிறவர். வங்கிக் கடன் வாங்கி, வீட்டை விட்டு ஒரு மாநிலம் தள்ளியிருக்கும் நர்சிங் கல்லூரியில் சேர்த்தார். நன்றாகத்தான் படித்தாள். சென்னையில் பெரிய மருத்துவமனையில் வேலையும் கிடைத்தது. ஆறு மாதத்துக்குள் தமிழ்நாட்டுப் பதிவு எண்ணைக் கொண்டு வா என்றார்கள். விண்ணப்பம் போட்டாள், காகிதம் திரும்பி வந்தது. காரணம் படிப்பில் இல்லை, பெயரில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தமிழ்நாட்டு வழக்கப்படி ஓர் இனிஷியல், ஒரு பெயர். கல்லூரியில் சேரும்போது குமாஸ்தா "இன்ட்டி பேரு என்ன?" என்று கேட்டிருக்கிறார். ஆந்திரத்தில் வீட்டுப் பெயர் முன்னால் வரும். நமக்கு வீட்டுப் பெயர் ஏது? அப்பா பெயரைச் சொன்னாள். அது வீட்டுப் பெயராக முன்னால் ஏறிக்கொண்டது. பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயர் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் இரண்டாகப் பிரிந்து. நான்கு காகிதத்தில் நான்கு பெண்கள். கவுன்சில் அதிகாரி என்ன செய்வார்? அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

அந்தச் சிக்கல் தீர எட்டு மாதம் ஆயிற்று. அதுவரை மருத்துவமனையில் அவளுக்கு 'டிரெய்னி' சம்பளம். வீட்டில் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய அப்பா என்னிடம், "மாமா, நான் தறியில ஒரு இழை அறுந்தா உடனே முடிச்சுப் போட்டுடுவேன். இது எந்த இழைன்னே தெரியலையே" என்றார். கடைசியில் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்துப் பட்டத்தைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழின்படி திருத்தி வாங்கினோம். கல்லூரியில் சேர்ந்த அன்று ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. நம் சங்கப் பெற்றோர் ஒன்றை மறக்க வேண்டாம். சேர்க்கைப் படிவத்தில் பெயர்க் கட்டத்தைப் பிள்ளை நிரப்பட்டும், நீங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். குமாஸ்தா வீட்டுப் பெயர் கேட்டால், இல்லை என்று சொல்லுங்கள்.

பெயர்ச் சிக்கல் தனி மனிதரோடு போகும். கவுன்சில்களுக்குள்ளேயே சிக்கல் வந்தால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நடுவில் நிற்பார்கள். 2017-இல் கர்நாடகத்தில் அதுதான் நடந்தது. தங்கள் மாநிலக் கல்லூரிகளுக்கு மாநிலக் கவுன்சிலும் அங்குள்ள பல்கலைக்கழகமும் தரும் அங்கீகாரமே போதும், இந்திய நர்சிங் கவுன்சிலிடம் போக வேண்டியதில்லை என்று கர்நாடக அரசு முடிவெடுத்தது. மத்தியக் கவுன்சில் தன் பட்டியலிலிருந்து கர்நாடகக் கல்லூரிகளின் பெயர்களை எடுத்துவிட்டது. அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களில் பெரும் பகுதி கேரளத்துப் பிள்ளைகள். ஊருக்குத் திரும்பினால் கேரளக் கவுன்சில் பதிவு செய்யுமா, வெளிநாடு போக முடியுமா என்று பெற்றோர் தவித்தார்கள். அதே ஆண்டில் கர்நாடக உயர் நீதிமன்றம், கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் மத்தியக் கவுன்சிலுக்குச் சட்டத்தில் இல்லை என்று கூறியது. சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். பிள்ளைகளைச் சேர்க்கும்போது கல்லூரிகள் ஒரு காகிதத்தில் "உங்கள் மாநிலத்தில் நிலைமை இது" என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவ்வளவு அழுகை இருந்திருக்காது.

வக்கீல் படிப்பின் கதை வேறு விதம். அதில் தமிழ்நாட்டுக்கும் எங்கள் பக்கத்துக்கும் நெடுநாள் உறவு உண்டு. தமிழ்நாட்டில் அரசுச் சட்டக் கல்லூரிகளில் இடம் குறைவு. 2014-இல் தனியார் சட்டக் கல்லூரி தொடங்கக் கூடாது என்றே ஒரு சட்டம் வந்தது, பிறகுதான் தளர்ந்தது. ஆகவே சட்டம் படிக்க ஆசைப்பட்டவர்கள் ஆந்திரத்துக்கும் கர்நாடகத்துக்கும் போனார்கள். சப்தகிரி எக்ஸ்பிரஸில் ஏறிப் போய்ப் படித்து உண்மையாகவே நல்ல வக்கீலானவர்கள் உண்டு. பரீட்சைக்கு மட்டும் வண்டி ஏறியவர்களும் உண்டு. இரண்டாவது வகையால் முதல் வகைக்குக் கெட்ட பெயர். 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் முன் வந்த வழக்கில், வகுப்புக்கே போகாமல் வெளிமாநிலத்தில் பட்டம் வாங்கி வருபவர்களைப் பற்றி மிகக் கடுமையான கருத்துகள் வந்தன. அது முதல் வெளிமாநிலப் பட்டம் என்றாலே பார் கவுன்சிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்ப்பார்கள் என்ற பேச்சு மாணவர் நடுவே உண்டு.

உண்மையில் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் பிள்ளைகளுக்கு எவ்வளவோ தாராளமானது. எங்கே படித்தாலும், எந்த மாநிலத்தில் தொழில் செய்ய உத்தேசமோ அந்த மாநில பார் கவுன்சிலில் விண்ணப்பிக்கலாம். பின்னால் ஊர் மாறினால் பெயரை வேறு மாநிலப் பட்டியலுக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் கட்டணம் கிடையாது என்று சட்டமே சொல்கிறது. விண்ணப்பத்தை மறுக்க நினைத்தால் மாநிலக் கவுன்சில் அகில இந்தியக் கவுன்சிலின் கருத்தைக் கேட்க வேண்டும். 2011 முதல் அகில இந்தியத் தேர்வு ஒன்றும் நடக்கிறது. அந்தத் தேர்வு செல்லும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. கட்டணத்தைப் பற்றியும் ஒரு நல்ல செய்தி. சட்டத்தில் சொன்னது மொத்தம் 750 ரூபாய், ஆதி திராவிடர் – பழங்குடியினருக்கு 125 ரூபாய். கவுன்சில்களோ பல்லாயிரம் வாங்கின. ஒடிசாவில் 42,100 ரூபாய் என்று நீதிமன்றத்தில் கணக்குக் காட்டப்பட்டது. சட்டத்தில் சொன்னதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

பிள்ளைகள் மாட்டிக்கொள்வது வேறு இரண்டு இடங்களில். 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகை வேண்டும். முழு நேர வேலையில் இருந்துகொண்டு, சனி ஞாயிறில் இதைக் காட்ட முடியாது. இன்னொன்று, அடிப்படைப் படிப்பு இல்லாமல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் சட்டப் படிப்பில் சேரத் தகுதியில்லை. பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற படிகள் ஒழுங்காக இருக்க வேண்டும். இது நாடு முழுவதற்கும் ஒரே விதி. ஆனால் கல்லூரி வாசலில் யாரும் கேட்கவில்லை என்பதால் ஒருவர் சேர்ந்து, மூன்று வருட ஃபீஸ் கட்டி, கறுப்புக் கோட்டும் தைத்துக்கொண்டு, பதிவுக்குப் போன இடத்தில் திரும்பி வருகிறார். கோட்டுத் தைத்த டெய்லர் காசு வாங்கிக்கொண்டார், கல்லூரியும் வாங்கிக்கொண்டது. நஷ்டம் யாருக்கு?

இப்படியொரு தொல்லை அமெரிக்காவிலும் உண்டு என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாகவும் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. அங்கே ஐம்பது மாநிலங்கள், ஒவ்வொன்றிலும் நர்ஸுக்கு ஒரு வாரியம், ஆசிரியருக்கு ஒரு துறை. ஒரு மாநிலத்துக் கல்லூரியில் வீட்டிலிருந்தே படிக்கிற பிள்ளை வேறு மாநிலத்தில் இருக்கும். அந்த நாட்டு மத்திய அரசு என்ன செய்தது தெரியுமா? தன் கல்வி உதவிப் பணம் வேண்டுமானால், உங்கள் படிப்பு எந்த மாநில உரிமத்துக்குப் போதும், எதற்குப் போதாது என்று பட்டியல் போட்டு வெளியிடுங்கள் என்று கல்லூரிகளுக்கு 2020 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கியது. போதாது என்றால் சேரும் முன்பே மாணவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். படித்துக்கொண்டிருக்கும்போது நிலைமை மாறினால் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இன்னும் இறுக்கினார்கள். மாணவர் சேரும்போது இருக்கிற மாநிலத்தின் உரிமத் தேவையைப் படிப்பு நிறைவு செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் "நான் இன்ன மாநிலத்தில்தான் வேலை செய்யப் போகிறேன்" என்று மாணவர் எழுதிக் கொடுக்க வேண்டும். இதைப் பார்ப்பதற்கென்றே அங்குள்ள கல்லூரிகளில் ஆட்கள் இருக்கிறார்கள். நர்ஸ்களைப் பொறுத்தவரை பெரும்பாலான மாநிலங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, ஒரே உரிமத்தில் எல்லாவற்றிலும் வேலை செய்ய வழி செய்திருக்கின்றன. நம் ஊர் லாரிக்கு நேஷனல் பர்மிட் மாதிரி.

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி கல்லூரிகள் சேர்க்கைக்கு முன்பே விவரக் கையேடு வெளியிட வேண்டும். ஃபீஸ், இடங்கள், தகுதி, ஆசிரியர்கள் எல்லாம் அதில் வர வேண்டும். மாநில வாரியாகத் தொழிற்பதிவு நிலை என்று ஒரு வரி அந்தப் பட்டியலில் இல்லை. கட்டாயம் இல்லாவிட்டால் என்ன, மனமிருந்தால் செய்யலாமே?

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது, எங்கள் பக்கத்து நர்சிங் கல்லூரி ஒன்றின் பிரின்சிபால் அம்மாள் இதைப் பற்றிப் பேச்செடுத்தார். "சார், எங்க பிள்ளைங்கள்ல பாதிப் பேர் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம். முடிச்சிட்டுப் போறவங்க போன் பண்ணி அழறாங்க. எனக்கு இங்க இருக்கிற கவுன்சில் தெரியும், அங்க இருக்கிறது தெரியாது" என்றார். எனக்குச் சட்டம் தெரியாது, ஆனால் அட்டவணை போடத் தெரியும். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கும் குறைவில்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

ரயில்வேயில் 'காஷன் ஆர்டர்' என்று ஒன்று உண்டு. பாதையில் எங்காவது பலவீனம் இருந்தால், இத்தனையாவது கிலோமீட்டரிலிருந்து இத்தனையாவது கிலோமீட்டர் வரை இன்ன வேகம் என்று எழுதி, டிரைவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு நகல் ஸ்டேஷனில் இருக்கும். வாய் வார்த்தையாகச் சொன்னதற்கு மதிப்பே இல்லை. அதே முறையில் ஒரு பக்கக் காகிதம் தயாரித்தோம். மேலே படிப்பின் பெயர், விஜயவாடாவிலுள்ள டாக்டர் என்.டி.ஆர். சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு விவரம். (அங்கே என்.டி.ஆர்., இங்கே கிண்டியில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். இரண்டு சினிமா முதல்வர்களும் மருத்துவக் கல்வியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.) அடுத்து, மத்தியக் கவுன்சிலின் ஏற்பு எந்தெந்தக் கல்வியாண்டுக்கு, எத்தனை இடங்களுக்கு என்று கடித எண்ணோடும் தேதியோடும். அதற்குக் கீழே ஆந்திரம், தமிழ்நாடு, தெலுங்கானா, கர்நாடகம் என்று நான்கு கட்டம். ஒவ்வொன்றிலும், அந்தக் கவுன்சிலில் பதிவு செய்ய என்ன காகிதம் வேண்டும், யார் அனுப்ப வேண்டும், நாங்கள் கேட்டு எழுதியது எந்தத் தேதியில் என்ற விவரம். பதில் வராத இடத்தில் "இன்னும் பதில் இல்லை" என்றே எழுதினோம். அப்படி எழுதக் கல்லூரி நிர்வாகம் முதலில் தயங்கியது. சேர்க்கை குறையும் என்ற பயம். பிரின்சிபால் அம்மாள்தான் பிடிவாதமாக நின்றார்.

கடைசியில் பெயர் பற்றிய பத்தி, தமிழிலும் தெலுங்கிலும். அதற்குக் கீழே மாணவி, பெற்றோர், கல்லூரி மூவரின் கையெழுத்து. ஒரு நகல் வீட்டுக்கு, ஒரு நகல் கல்லூரிக் கோப்பில். ஒரே பக்கம்தான். ஆனால் அதை நிரப்ப மூன்று மாதம் பிடித்தது, ஏனென்றால் மூன்று கவுன்சிலுக்கும் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்காவிட்டால் பழைய டைம்டேபிள் போலத்தான், தப்பான வண்டியில் ஏற்றிவிடும். அதனால் அலுவலகத்தில் ஒரு பெண் குமாஸ்தாவுக்கு அந்தப் பொறுப்பு எழுத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறது.

நம் உறுப்பினர்கள் பலர் குழப்பிக்கொள்கிற ஒரு விஷயத்தையும் சொல்லி விடுகிறேன். கல்லூரியில் இடம் கிடைப்பதற்கான 'உள்ளூர்' விதி வேறு, தொழில் பதிவு வேறு. ஆந்திரத்தில் 1974-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி 85 விழுக்காடு இடங்கள் அந்தந்தப் பகுதி உள்ளூர் மாணவருக்கு. எங்கள் பக்கம் வேங்கடேசுவரா பல்கலைக்கழகப் பகுதியில் வருகிறது. தொடர்ந்து நான்கு ஆண்டு அங்கே படித்திருந்தால் உள்ளூர், தாய்மொழி தமிழா தெலுங்கா என்று யாரும் பார்ப்பதில்லை. தெலுங்கானாவிலும் மருத்துவப் படிப்புக்கு நான்கு ஆண்டு விதி செல்லும் என்று 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே பிளஸ் டூவுக்காகப் பிள்ளையைத் தாத்தா வீட்டுக்கு, நாமக்கல்லுக்கு, என்று அனுப்புகிறவர்கள் யோசித்து அனுப்புங்கள். சாதிச் சான்றிதழும் அப்படியே. பிறந்த மாநிலத்துச் சான்றிதழ் குடியேறிய மாநிலத்தில் இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்று 1990-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இவை உள்ளே நுழைவதற்கான விதிகள். உள்ளூர் மாணவர் என்பதால் வெளியூரில் பதிவு தானாக வந்துவிடாது. வெளிமாநில மாணவர் என்பதால் பதிவு மறுக்கப்படவும் மாட்டாது.

கல்லூரிக்குப் போகும்போது கேட்க வேண்டியது அதிகமில்லை. "எங்கள் பெண் தமிழ்நாட்டில் வேலை செய்வாள். உங்கள் பட்டத்தை அங்கே பதிவு செய்தவர் யாராவது உண்டா? கடைசியாகப் பதிவு ஆனது எந்த வருடம்?" என்று கேளுங்கள். "எல்லாம் ஆகும் சார், கவலைப்படாதீங்க" என்ற பதிலுக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டாம். கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். மத்தியக் கவுன்சிலின் ஏற்பு நடப்பு ஆண்டுக்கு உண்டா, இத்தனை இடம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தபின் ஒவ்வொரு ஆண்டும் அந்த ஆண்டுக் கடிதத்தின் நகலை வாங்கி வையுங்கள். படிப்பு முடிந்ததும் முதலில் படித்த மாநிலத்தில் பதிவு, உடனே. வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் இரண்டு மாநிலத்துக்கும் நடுவே ரயிலில் காலம் கழிக்கிறார்கள்.

நாங்கள் தயாரித்த அந்த ஒரு பக்கப் படிவத்தின் வெற்று நகல்கள் இருபதை நம் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போய், பிள்ளைகள் படிக்கிற கல்லூரியில் கொடுத்து நிரப்பித் தரச் சொல்லலாம். சட்டம், பார்மசி படிப்புகளுக்கும் ஒரு கட்டம் மாற்றினால் போதும். நிரப்பி வந்ததில் ஒரு நகலை நூலகத்துக்குக் கொடுங்கள், அடுத்த வருடம் அதே கல்லூரிக்குப் போகிற குடும்பத்துக்கு உதவும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நான் அங்கே இருப்பேன். தெலுங்கில் கடிதம் எழுத வேண்டுமானால் அதற்கும் வரலாம்.